கடன் அட்டைப் பாக்கியும் காலவரையறையும்

மாதச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்களிலும் இன்று கடன் அட்டை புழக்கத்தில் உள்ளது. நோயோ வேலையிழப்போ நேரும்போது தவணை நின்று பாக்கி ஏறிவிடுகிறது. அந்தப் பாக்கிக்காக வங்கி எவ்வளவு காலம் வரை வழக்குத் தொடரலாம்? இதனை அறியாமல், ஒரு கையெழுத்தினாலேயே சட்டம் தந்த பாதுகாப்பை இழந்துவிட நேரலாம்.

மூன்றாண்டு வரம்பு

1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின்படி, ஈடு இல்லாத கடனுக்கான வழக்கைப் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். கடன் அட்டைப் பாக்கியும் இவ்வகையைச் சேர்ந்ததே. கடன் வசூல் தீர்ப்பாயங்களுக்கும் இச்சட்டம் பொருந்தும். ஆண்டுகள் கடந்தால் ஆவணங்கள் தொலையும், சாட்சிகளின் நினைவு மங்கும். ஆகவே உரிமையுடையவர் உரிய காலத்தில் நீதிமன்றத்தை நாட வேண்டும் என்பதே இவ்வரம்பின் நோக்கம். கெடு கடந்த வழக்கை, பிரதிவாதி ஆட்சேபிக்காவிட்டாலும், தள்ளுபடி செய்யவேண்டும் என்று 3ஆம் பிரிவு கூறுகிறது.

கெடு புதுப்பிக்கப்படுவது எப்படி?

புரோநோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் யாவரும் அறிந்ததே. அதன் சட்ட அடிப்படை 18, 19ஆம் பிரிவுகளில் உள்ளது. கெடு முடியுமுன் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்று முதல் புதிதாக மூன்று ஆண்டுகள் தொடங்கும். கெடுவுக்குள் ஒரு பகுதியைச் செலுத்தி, அதற்குச் செலுத்தியவரின் கையெழுத்துள்ள சான்றும் இருந்தால் அதே விளைவு ஏற்படும்.

எடுத்துக்காட்டாக, 2022 ஜூன் 10 முதல் காலம் ஓடத் தொடங்கிய பாக்கிக்கு 2025 ஜூன் 10 வரை வழக்குத் தொடரலாம். கடனாளி 2025 மே 1 அன்று ஒப்புகைக் கடிதம் தந்திருந்தால், கெடு 2028 மே 1 வரை நீளும். அதே கடிதத்தை 2025 ஆகஸ்டில் தந்திருந்தால், வெறும் ஒப்புகையால் கெடு உயிர்பெறாது. ஆயினும், "செலுத்துகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டு வாக்களித்திருந்தால், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 25ஆம் பிரிவின்படி அது செல்லத்தக்க புதிய ஒப்பந்தமாகிவிடும். எனவே எந்தத் தாளிலும் கையெழுத்திடுமுன் அதன் வாசகத்தையும் தேதியையும் ஆராய்வது இன்றியமையாதது.

கடன் அழிவதில்லை

காலவரையறை நீதிமன்றப் பரிகாரத்தைத் தடுக்கிறதேயன்றிக் கடனை அழிப்பதில்லை. கெடு கடந்தபின் மனமுவந்து செலுத்திய தொகையைத் திரும்பக் கேட்க இயலாது. வங்கியும் நிலுவையைக் கேட்கலாம். ஆனால் மிரட்டக் கூடாது. வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைக்கலாகாது என 2022இல் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது.

அழைப்பாணை வந்தால்

கெடு கடந்துவிட்டது என்றெண்ணி நீதிமன்ற அழைப்பாணையைப் புறக்கணிப்பது பெருந்தவறு. பிரதிவாதி வராவிடில் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வழங்கப்படலாம். அதனை நீக்கக் கோரும் மனுவுக்கு 30 நாள்களே அவகாசம். தீர்ப்பை நிறைவேற்றக் கோருவதற்கோ 12 ஆண்டுகள் உண்டு. மூன்றாண்டுப் பாதுகாப்பு இவ்வாறு பன்னிரண்டாண்டுச் சுமையாக மாறக்கூடும்.

வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றோர், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் கீழ் இலவச உதவி பெறலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி மக்களுக்கும் இதற்கு வருமான வரம்பு இல்லை. கடனை இயன்றவரை தீர்ப்பது கடமை. சட்டம் வகுத்த கெடுவை அறிந்திருப்பது உரிமை.