கேஸ் கிரில்லா, விறகுத் தணலா? வீட்டில் கறி சுடுவோருக்குச் சில குறிப்புகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் இப்போதெல்லாம் மொட்டை மாடியில் ஒரு மூலையைக் கறி சுடுவதற்கென்றே ஒதுக்குகிறார்கள். தீயில் சுட்டுத் தின்பது கொங்கு வீடுகளுக்குப் புதிதில்லை. நாட்டுக்கோழிக்கு மஞ்சள் தடவி வாட்டுவது, ஆட்டுத் தலையும் காலும் சுட்டுச் சுரண்டுவது, ஆடி முதல் நாள் தேங்காய் சுடுவது எல்லாம் நம் வாசலில் நடந்தவைதான். கடையில் கேஸ் கிரில்லும் கரி அடுப்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது எதை வாங்குவது என்பதுதான் இப்போதைய குழப்பம். பணம் கொடுப்பதற்கு முன்னால் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

1. முதலில் இடத்தைப் பாருங்கள், ருசியைப் பிறகு பேசலாம். அடுக்குமாடி வீடு என்றால் விறகையும் கரியையும் மறந்துவிடுங்கள். மேல்வீட்டுக் குழந்தையின் மூச்சுக்கும், பக்கத்து வீட்டில் காயும் துணிக்கும் உங்கள் புகை போகும். அங்கே குடியிருப்போர் சங்கம் அனுமதித்தால் திறந்த மாடியில் கேஸ் கிரில், இல்லையென்றால் சமையலறையில் இரும்புக் கிரில் தவா போதும். தனி வீடும் திறந்த மொட்டை மாடியும் இருந்தால் கரி. தோட்டம், களம், ஆளரவமில்லாத வாசல் இருந்தால் விறகு. இந்த வரிசையை மாற்றி வாங்கிய அடுப்புகள் பெரும்பாலும் துருப்பிடித்துக் கிடக்கின்றன.

2. புகை வாசம் எதில் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எரியும் வாயு கறிக்கு வாசம் எதையும் சேர்ப்பதில்லை. கறியின் கொழுப்பும் மசாலாச் சாறும் சூடான தகட்டில் சொட்டி, ஆவியாகி, மேலே எழுந்து கறியிலேயே படிகிறது. அந்த வாசம் கேஸ் கிரில்லிலும் உண்டு. விறகில் அதோடு மரம் எரியும் வாசமும் சேர்கிறது. எலும்பில்லாத சிறு துண்டு, பனீர், காளான் போன்றவை பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடுவதால் மரத்தின் வாசம் ஏறவே நேரமிருக்காது. அவற்றுக்குக் கேஸே போதும். முழுக் கோழி, ஆட்டுத் தொடை என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் தணலில் கிடப்பவற்றில்தான் விறகின் அருமை தெரியும். ஆகவே உங்கள் வீட்டில் எது அடிக்கடி சுடப்படும் என்பதைக் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

3. நேரக் கணக்கு: கேஸ் கிரில் பத்து நிமிடத்தில் சூடேறும். கரி பிடித்துச் சாம்பல் பூக்க அரை மணி. விறகு எரிந்து நல்ல தணலாக முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. வேலைக்குப் போய் வந்து இரவில் சுடுகிற வீட்டுக்கு விறகு ஒத்துவராது.

4. மாடியில் கரிதான் என்று முடிவானால், தேங்காய்த் தொட்டிக்கரி வாங்குங்கள். பொள்ளாச்சித் தோப்புகளும், கொப்பரைக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் பேர்போன காங்கயமும் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, வெளிநாட்டுப் பெயர் போட்ட அட்டைப்பெட்டிக் கரிக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? தொட்டிக்கரி கெட்டியானது. பிடிக்கச் சற்று நேரமெடுக்கும், பிடித்துவிட்டால் ஒரே சீராக நின்று எரியும், சாம்பலும் புகையும் குறைவு. இரண்டு கிலோ கோழிக்குக் கிட்டத்தட்ட அதே எடைக் கரி எடுத்து வையுங்கள். கரியாக்காத பச்சைத் தொட்டியை அப்படியே போடாதீர்கள். எண்ணெய்ப் பசையோடு கொழுந்துவிட்டு எரிந்து கறியில் கரும்புகை படியும். பற்றவைக்க மட்டும் இரண்டு மூன்று தொட்டி, கொஞ்சம் பன்னாடை, காய்ந்த பாளை போதும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் வேண்டவே வேண்டாம்.

5. விறகுக்கு எந்த மரம்? கருவேலம், வெள்வேலம், புளி மூன்றும் கெட்டித் தணல் தருபவை. மாவும் கொய்யாவும் கவாத்து செய்த கிளைகளாகக் கிடைத்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கோழிக்கு நன்றாக இருக்கும். நாம் திட்டித் தீர்க்கும் சீமைக்கருவேலமும் தணலுக்கு உயர்ந்ததுதான். அமெரிக்காவின் டெக்சாஸ் பக்கம் இறைச்சி சுட விரும்பி எரிக்கிற மெஸ்கீட் மரம் இதன் நெருங்கிய உறவு. வெள்வேல் மட்டும் கொஞ்சம் யோசித்து வாங்க வேண்டியது. காங்கயம், தாராபுரம் பக்கத்து மேய்ச்சல் நிலங்களான கொரங்காடுகளில் கிளுவை வேலிக்குள் நிற்கும் அந்த மரம்தான் மாட்டுக்கு நிழலும் ஆட்டுக்கு நெற்றும் தருகிறது. காய்ந்து விழுந்த கிளையென்றால் வாங்குங்கள். பச்சை மரத்தை வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வெட்டி ஆறு மாதமாவது காய்ந்த விறகுதான் சுடுவதற்கு ஆகும். முனையில் வெடிப்பு விட்டிருக்க வேண்டும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகச் சத்தம் வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, கண் எரியும் வரை புகையத்தான் செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே விறகைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, மேலே தகரம் போட்டு அடுக்கிவிடுங்கள்.

6. அடுப்பருகே வரவே கூடாதவை: அரளி, எட்டி, எருக்கு, கள்ளி. அரளியின் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். குச்சியாகச் செதுக்கிக் கறி கோர்க்கவும் கூடாது. பிளைவுட், பெயிண்ட் அடித்த ஜன்னல் சட்டம், செல்லுக்கு மருந்தடித்த மரம் ஆகியவையும் அப்படித்தான். வீடு கட்டிய மிச்சச் சட்டங்கள் மாடியிலேயே கிடப்பதால் கை தானாக அதற்குப் போகும். அதில் பசையும் ரசாயனமும் எரிந்து, நேரே சாப்பாட்டில் ஏறும். வேப்பங்கட்டை விஷமில்லை, ஆனால் புகை கசக்கும். அதை வெந்நீர் அடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

7. தீயில் சுடாதீர்கள், தணலில் சுடுங்கள். புதிதாகச் சுடுகிறவர்கள் கொழுந்துவிட்டு எரிவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு உடனே கறியைப் போட்டுவிடுகிறார்கள். மேலே கருகி உள்ளே சிவப்பாகவே இருக்கும். "பொகை அடங்கட்டும் கண்ணு, கங்கு வெளுக்கட்டும், அப்பறம் போடு" என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். அதுதான் முழுப் பாடமும். கரியின் மேல் வெள்ளைச் சாம்பல் மெல்லிய தூளாகப் படிந்து, இடுக்கில் செந்நிறம் தெரிய வேண்டும். கம்பிவலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள். இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் கையை எடுக்கத் தோன்றினால் கடும் சூடு, சிறு துண்டுகளுக்கு ஆகும். ஐந்து வரை எண்ண முடிந்தால் எலும்போடு கூடிய கோழிக்குச் சரி. தணலை முழுக்கப் பரப்பாமல் ஒரு பக்கமாக ஒதுக்கி வையுங்கள். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் கறியை மறுபக்கம் நகர்த்திக்கொள்ளலாம். தண்ணீரை ஊற்றினால் சாம்பல் கிளம்பிக் கறியில் ஒட்டும்.

8. ஆடி ஒன்றுக்குத் தேங்காய் சுடும் வீடா? அப்படியானால் கேஸ் கிரில் மட்டும் வைத்திருந்து பயனில்லை. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர்க் காவிரிக்கரை ஊர்களில் ஜூலை நடுவில் வரும் அந்த நாளில், நார் போகச் சுரண்டிய தேங்காயின் ஒரு கண்ணைத் திறந்து, தண்ணீரைக் கொஞ்சம் வடித்து, பாசிப்பருப்பு, வெல்லம், எள், அவல், பொட்டுக்கடலை போட்டு, வடித்த தண்ணீரில் கொஞ்சத்தை ஊற்றி, அழிஞ்சில் குச்சியைச் செருகி, மஞ்சள் பூசித் தீயில் காட்டுவார்கள். குச்சியைக் கையில் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடு கருத்து வெடிப்பு விடுகிற நேரம், உள்ளே பருப்பு தேங்காய்த் தண்ணீரிலேயே வெந்திருக்கும். இதற்குக் குனிந்து உட்கார்ந்து சுடும் திறந்த தீ வேண்டும். பர்னர் மேல் வைத்தால் ஓட்டின் ஒரு பக்கம் மட்டும் கருகி, வெல்லப்பாகு வழிந்து பர்னர் துளையை அடைக்கும். மாடியில் நான்கு செங்கல்லை அடுக்கி, அடியில் மணல் பரப்பினால் இந்த ஒரு நாளுக்கு அதுவே அடுப்பு. குழந்தைகளுக்கு நீளக் குச்சியாகக் கொடுத்து, பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே உட்காருங்கள்.

9. கரி அடுப்பைக் கடையில் வாங்குவதைவிடப் பட்டறையில் செய்துகொள்வது மேல். கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் வெல்டிங் பட்டறைக்கா பஞ்சம்? மூன்று மில்லிமீட்டர் தகட்டில் பெட்டி, இடுப்பு உயரக் கால், பக்கவாட்டில் திறந்து மூடும் காற்றுத் துளை, இரண்டு மூன்று உயரத்தில் மாட்டக்கூடிய கம்பிவலை. இப்படிச் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். வலை 304 ரகத் துருவேறா எஃகாக இருக்கட்டும். நாகம் பூசிய ஜி.ஐ. கம்பியும் தகடும் வேண்டாம். கடும் சூட்டில் பூச்சு புகைந்து உடம்புக்குக் கெடுதல் செய்யும். பழைய டிரம்மை அறுத்துத் தருவதாகச் சொன்னால் அதில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். பதில் தெரியாத டிரம் வேண்டாம்.

10. கேஸ் கிரில் வாங்கினால் இணைப்பில் கவனம் வையுங்கள். நம் வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ, அதன் ரெகுலேட்டர் குறைந்த அழுத்தத்தில் வாயு விடுவது. கிரில்லும் அந்த அழுத்தத்துக்கு உரியதுதானா என்று விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். குழாய் எரிவாயு வந்துவிட்ட வீடென்றால் சிலிண்டருக்கான ஜெட் அதற்குப் பொருந்தாது. மூன்று பர்னருள்ள கிரில் முழுதாக எரிந்தால் மணிக்கு அரைக் கிலோவுக்கு மேல் வாயு போகும். மாதம் முழுவதற்கான சிலிண்டரை மாடிக்கும் சமையலறைக்குமாகத் தூக்கி அலையாமல், ஏஜென்சியில் ஐந்து கிலோ சோட்டு சிலிண்டர் தனியாக வாங்கிவிடுங்கள். பெரியதிலிருந்து சிறியதுக்கு மாற்றி நிரப்பித் தருபவர்களிடம் போகவே கூடாது.

ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சுரக்ஷா ஹோஸ் போட்டு, ஐந்து ஆண்டில் மாற்றுங்கள். சோப்புத் தண்ணீர் தடவி நுரை எழும்புகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பற்றவைக்கும்போது கிரில்லின் மூடி திறந்தே இருக்கட்டும். உடனே பிடிக்கவில்லை என்றால் வால்வை மூடி ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி முயலுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கும். கார் நிறுத்தும் அடித்தளத்திலும், சாக்கடை மூடிக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது. கசிவு என்று தெரிந்தால் அழைக்க வேண்டிய எண் 1906.

11. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை மறக்காதீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கோவையிலும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமும் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் கேஸ் அணையும், கங்கு பறக்கும். மேற்குச் சுவர் மறைப்பாக இருக்கும் மூலையைத் தேர்ந்தெடுங்கள். கேஸ் கிரில்லை நாலு பக்கமும் தகரம் வைத்து அடைத்தால் சிலிண்டர் சூடேறும், ஒரு பக்கம் மட்டும் மறையுங்கள். ஓலைக் கொட்டகை, தட்டுப்போர், நிழல்வலை இருக்கும் திசைக்குக் காற்று அடித்தால் அன்றைக்குச் சுடுவதையே தள்ளிப்போடுங்கள்.

12. கரி அடுப்பை அறைக்குள் கொண்டுபோகவே கூடாது. குளிருக்கென்றோ, மழை வந்துவிட்டது என்றோ, புகைதான் இல்லையே என்றோ எந்தக் காரணமும் ஆகாது. கனியும் கரி கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். 2024இல் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன இரண்டு இளைஞர்கள் கறி சுட்ட அடுப்பை அறைக்குள் வைத்துப் படுத்து, உயிரோடு எழவில்லை. ஊட்டி, வால்பாறை போகும் பிள்ளைகளிடம் இதை மட்டுமாவது சொல்லி அனுப்புங்கள்.

13. கேஸையும் தணலையும் சேர்த்துக்கொள்ளலாம். நாட்டுக்கோழி கெட்டி. தணலிலேயே முழுதாக வேகவைக்க நினைத்தால் வறண்டுவிடும். குக்கரில் மஞ்சள், உப்பு, சின்ன வெங்காயம் போட்டு முக்கால் பதம் வேகவைத்து, மசாலா பூசி, ஆறவிடாமல் உடனே தணலுக்குக் கொண்டுபோங்கள். பாதி வெந்ததை மணிக்கணக்கில் வெளியே வைப்பது கெடுதல். முடிவில் உள்சூடு 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். தொடையை எலும்போரம் கீறிப் பாருங்கள், சாறு சிவப்பின்றித் தெளிந்து வர வேண்டும்.

அடுக்குமாடிக்காரர்களுக்கும் வழியிருக்கிறது. தவாவில் வாட்டிய கறியைப் பாத்திரத்தில் வைத்து, நடுவே சிறு கிண்ணத்தில் கேஸ் அடுப்பில் கனிய வைத்த ஒரு துண்டுத் தொட்டிக்கரியை இட்டு, அரை ஸ்பூன் நெய் விட்டு மூடுங்கள். ஐந்து நிமிடத்தில் வாசம் ஏறிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், முடிந்ததும் கரியைத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

14. சாம்பலைக் கொட்ட அவசரப்படாதீர்கள். மேலே ஆறினாற்போல் தெரியும், கிளறினால் அடியில் கங்கு இருக்கும். ஒரு நாள் முழுக்க விட்டு, தண்ணீர் தெளித்து, கிளறிப் பார்த்துவிட்டு எடுங்கள். சுத்த விறகுச் சாம்பலைத் தென்னைக்கும் வாழைக்கும் போடலாம். மிச்சத்தைக் குப்பையில் போடுவதானால் ஈரமாக்கி, தனிப் பையில் கட்டிக் கொடுங்கள். காலையில் வாசலுக்கு வரும் தூய்மைப் பணியாளர்கள் அதைக் கையால் தொட்டுத்தான் பிரிக்கிறார்கள்.