கை விட்டாலும் கயிறு விடாது

காணிக்குத் திரும்பும் குடும்பம் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். தண்ணீர் இருந்தால் தோட்டம் உண்டு; தோட்டம் இருந்தால் சீவியம் உண்டு. பல ஆண்டுகள் இறைக்காமல் கிடந்த கிணற்றைத் துப்புரவாக்க யாராவது ஒருவர் கீழே இறங்கித்தான் ஆகவேண்டும்.

அப்படி ஒரு கிணற்றடியில் நாம் நின்ற நாள் நினைவில் இருக்கிறது. வாளி கட்டும் கயிற்றையே இடுப்பில் சுற்றிக்கொண்டு ஓர் இளைஞர் இறங்க ஆயத்தமானார். "வேறு கயிறு இல்லையா?" என்று கேட்டோம். "போன மாரிக்கு வாங்கின கயிறு, சுவாமி. மாடு கட்டினாலும் அறாது" என்றார் தகப்பனார். கயிறு அறாமல் இருக்கலாம். ஆனால் பிடித்திருக்கும் கை வழுக்கலாம். கப்பி கட்டிய மரம் முறியலாம். அப்போது அவரைத் தாங்குவது எது? இதற்குப் பாறை ஏறுவோர் ஒரு விடை கண்டிருக்கிறார்கள். இப்பாடத்தில் அதைக் கற்போம்.

பாறை ஏறுவோர் செய்வது என்ன?

ஒஸ்திரிய நாட்டு மலையேறியான கார்ல் புரூசிக் 1931இல் ஒரு முடிச்சை விளக்கி எழுதினார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மெல்லிய கயிற்று வளையம் ஒன்றைத் தடித்த கயிற்றில் சுற்றுவதே அம்முடிச்சு. பாரம் இல்லாதபோது அதைக் கையால் நகர்த்தலாம். பாரம் விழுந்ததும் சுற்றுகள் கயிற்றை இறுகக் கவ்விக்கொள்ளும்.

பாறையிலிருந்து கயிற்றில் இறங்குபவர் இத்தகைய வளையம் ஒன்றைத் தம் கச்சையோடு இணைத்துக்கொள்கிறார். கல் விழுந்து மயங்கினாலும், கை தவறினாலும், வளையம் இறுகி அவரை நிறுத்துகிறது. கையால் கட்டும் ஒரு சிறு வளையம், உயிருக்குக் காவலாகிறது.

காவல் வளையம் செய்யும் முறை

1. வாளிக் கயிறு வேறு, ஆளை இறக்கும் கயிறு வேறு, காவற் கயிறு வேறு. காவற் கயிறு 11 மில்லிமீற்றர் தடிப்புள்ள நைலோன் கயிறாக இருக்கட்டும். அதைக் கப்பி மரத்தில் கட்டாமல், உறுதியான வேறொரு மரத்தின் அடியில் கட்டவேண்டும். ஒன்று முறிந்தால் மற்றதும் முறியும் என்றால் அது காவல் அல்ல.

2. வளையத்துக்கு 6 அல்லது 7 மில்லிமீற்றர் நைலோன் கயிறு ஒன்றரை மீற்றர் போதும். தடிப்பு ஒன்றாக இருந்தால் முடிச்சு கவ்வாது. இரு நுனிகளையும் எதிரெதிராக வைத்து, ஒவ்வொரு நுனியாலும் மற்றக் கயிற்றை இரு தடவை சுற்றி, அச்சுற்றுகளுக்குள்ளே நுனியை விட்டு இறுக்குக. நுனிகள் மூன்று அங்குலமாவது வெளியே நிற்கவேண்டும்.

3. வளையத்தைக் காவற் கயிற்றின் பின்னால் வைத்து, முடிச்சுள்ள பக்கத்தை வளையத்தின் ஊடாக மூன்று தடவை சுற்றி எடுக்கவேண்டும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகப் படியவேண்டும். கயிறு நனைந்திருந்தால் நான்காவது சுற்றும் தேவை.

4. வளையத்தைப் பூட்டுள்ள கொளுக்கியால் கச்சையில் மாட்டுக. கொளுக்கியில் 20 கிலோநியூற்றன் அல்லது அதற்கு மேல் எனப் பொறித்திருக்கவேண்டும். இது ஏறத்தாழ 2000 கிலோ தாங்கும் அளவு.

5. முதலில் மரக்கிளையில் கயிற்றைக் கட்டி, நிலத்திலிருந்து முழங்கால் உயரத்தில் தொங்கிப் பார்க்கவேண்டும். வழுக்கினால் அவிழ்த்து மீண்டும் கட்டுக.

செய்யக் கூடாதவை

இறங்கும்போது முடிச்சை விரல்களால் மெதுவாகத் தள்ளவேண்டும். பயத்தில் அதை இறுகப் பற்றினால் அது கவ்வாது; ஆளோடு சேர்ந்தே வழுக்கும். முடிச்சு எப்போதும் நெஞ்சுக்கு மேலே நிற்கட்டும். தொய்வு இருந்தால் விழும் வேகம் கூடும்.

பச்சை, நீல பிளாஸ்ரிக் கயிறு இதற்கு ஆகாது. உராய்வுச் சூட்டில் அது நைலோனிலும் விரைவாக உருகும்; வெயிலில் உக்கும். நைலோனையும் வெயிலிலோ, பற்றரி அமிலம் படும் இடத்திலோ வைக்கக் கூடாது.

கச்சையை மட்டும் வீட்டில் செய்யவேண்டாம். இடுப்பில் மட்டும் கட்டிய கயிற்றில் தொங்குபவருக்குச் சிறிது நேரத்திலேயே மூச்சு முட்டும். தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் முழுக் கச்சையை நான்கைந்து குடும்பங்கள் கூடி வாங்கலாம்.

முடிச்சு காக்காத ஆபத்து

இந்த முடிச்சு விழுவதிலிருந்து காக்கும். நச்சுக் காற்றிலிருந்து காக்காது. நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடக் கூடாது. மெழுகுதிரியை இறக்கிப் பார்த்து அது அணைந்தால் ஒருவரும் இறங்கக் கூடாது. அணையாவிட்டாலும் ஆபத்து நீங்கியதாக எண்ணவேண்டாம்; இயந்திரப் புகையிலுள்ள நஞ்சை மெழுகுதிரி காட்டாது. போர் நடந்த இடத்துக் கிணறாயின், வெடிபொருள் அகற்றுவோர் பார்த்துச் சொல்லும்வரை பொறுத்திருக்கவேண்டும்.

கிணற்று விபத்துகளில் மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் இறப்பது உண்டு. அண்ணனைத் தேடித் தம்பி, தம்பியைத் தேடித் தகப்பன். காவற் கயிற்றின் பெரும் பயன் இங்கேதான். வளையம் கயிற்றைக் கவ்வியிருப்பதால், மேலே நிற்கும் நான்கு பேர் கயிற்றை இழுத்தே அவரை வெளியே எடுக்கலாம். எவரும் பின்னால் இறங்கத் தேவையில்லை.

அன்று அந்த இளைஞர் இறங்கவில்லை. இரண்டாவது கயிறு வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. கிணறு காத்திருந்தது.

குழுவில் கலந்துரையாடுவோம்

1. நம் கிணற்றடியில் இரண்டாவது கயிற்றைக் கட்ட உறுதியான மரம் எது?
2. ஒருவர் இறங்கும்போது மேலே எத்தனை பேர் நிற்கிறோம்?
3. கச்சையும் கயிறும் பொதுவாக வாங்கினால் யார் பொறுப்பில் வைப்போம்?