ஓட்டத்தை எதிர்க்கும் பூஞ்சை

மலாய் மொழியில் 'லூமுட்' என்றால் பாசி என்று பொருள். பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில் உள்ள லூமுட் நகரின் படகுத்துறையிலிருந்து பங்கோர் தீவுக்குப் படகுகள் செல்கின்றன. அலைகள் ஓயாமல் மோதும் படகுத்துறைத் தூண்களின் மேல் வழவழப்பான படலம் படர்வதுண்டு. ஓடும் நீர் அதனை ஏன் அடித்துச் செல்வதில்லை? நுண்ணுயிர்கள் ஒரு பரப்பில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பசையால் தம்மைப் போர்த்திக்கொள்கின்றன. இக்கூட்டமைப்பே உயிர்ப்படலம் எனப்படுகிறது.

இத்தகைய படலம் மருத்துவமனையிலும் உருவாகலாம். 'கேண்டிடா அல்பிகன்ஸ்' என்னும் பூஞ்சை பலருடைய வாயிலும் குடலிலும் தீங்கின்றி வாழ்கிறது. ஆனால், நோயாளியின் இரத்தக் குழாயில் செருகப்படும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயில் அது ஒட்டிக்கொண்டால் ஆபத்து நேரும். முதலில் உருண்டை வடிவச் செல்கள் குழாயில் பற்றுகின்றன. பின்னர் அவை நீண்ட இழைகளாக வளர்ந்து, பசையைச் சுரக்கின்றன.

ஓட்டம் இப்படலத்தை அழித்துவிடும் என்றே நாம் எண்ணுவோம். ஆய்வுகளோ வேறு விதமாகக் கூறுகின்றன. திரவம் ஓடும் சூழலில் வளர்ந்த கேண்டிடா படலம் மிகுதியான பசையைச் சுரக்கிறது. பூஞ்சை எதிர்ப்பு மருந்தையும் கூடுதலாகத் தாங்குகிறது. மேலும், படலத்திலிருந்து பிரியும் செல்களை அதே ஓட்டம் உடலின் பிற பகுதிகளுக்குச் சுமந்து செல்கிறது.

இந்தப் பற்றும் ஆற்றலுக்கு மரபணுக்களே காரணம். கிளாரிசா நோபைல், ஆரன் மிட்செல் ஆகிய ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டில் 'பி.சி.ஆர். 1' என்னும் மரபணுவின் பங்கை விளக்கினர். இம்மரபணு நீக்கப்பட்ட பூஞ்சை இழைகளை வளர்த்தது. எனினும், அவ்விழைகளால் ஒட்டிக்கொள்ள இயலவில்லை. 2006ஆம் ஆண்டில் எலிகளின் இரத்தக் குழாயில் பொருத்திய குழாய்களிலும் அது படலம் அமைக்கவில்லை. ஆனால், ஒட்டும் புரதத்தை உருவாக்கும் 'ஏ.எல்.எஸ். 3' மரபணுவை ஆய்வாளர்கள் மிகையாக இயங்கச் செய்தபோது, படலம் மீண்டும் உருவானது. பூட்டுக்குச் சாவி போல, படலத்திற்கு ஒட்டும் புரதம் இன்றியமையாதது என்பதை இது உணர்த்தியது. 2012ஆம் ஆண்டில், படலம் உருவாவதைக் கட்டுப்படுத்தும் ஆறு முதன்மை மரபணுக்கள் வலைப்பின்னலாகச் செயல்படுவது கண்டறியப்பட்டது.

உலகச் சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில், கேண்டிடா அல்பிகன்ஸ் மிக முதன்மையான பிரிவில் இடம்பெற்றுள்ளது. படலம் முதிர்ந்துவிட்டால் மருந்து மட்டும் போதாது. பெரும்பாலும் அக்குழாயையே அகற்ற நேரிடும். வேறு குழாய் பொருத்துவது நலிவுற்ற நோயாளிக்கு எளிதன்று. எனவே, பூஞ்சையைக் கொல்வதோடு நில்லாமல், அது முதலில் பற்றுவதையே தடுக்கும் மருந்துகளையும் அறிவியலாளர்கள் தேடுகின்றனர். நோயை முளையிலேயே கிள்ளும் அம்முயற்சிக்கு மரபணு ஆய்வு வழிகாட்டுகிறது.