வயிறு உப்பிய மாட்டைக் காப்பாற்றுவது எப்படி?

காலையில் நல்ல நிலையில் மேய்ச்சலுக்குப் போன மாடு, மதியத்துக்குள் வயிறு வீங்கி, மூச்சுத் திணறி விழுந்து இறந்துவிடுவது கிராமங்களில் அவ்வப்போது நடப்பதுதான். பூச்சி கடித்துவிட்டது என்றும், கண் பட்டுவிட்டது என்றும் எண்ணி மந்திரிக்கப் போவதில் பொன்னான நேரம் வீணாகிறது. இப்படி இறக்கும் மாடுகளில் பலவற்றுக்குக் காரணம் வயிற்று உப்புசமே. கடன் வாங்கி ஒரே ஒரு கறவை மாட்டை வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பத்துக்கு, அந்த மாடு போனால் கடன் மட்டுமே மிஞ்சும்.

உப்புசத்தால் மாடு இறப்பதைப் பெரும்பாலும் தடுக்க முடியும். ஆனால், எல்லா உப்புசத்துக்கும் ஒரே வைத்தியம் பொருந்தாது. மாடு என்ன தின்றது என்பதை அறிந்த பிறகே கையை வைக்க வேண்டும்.

உப்புசம் உண்டாவது எப்படி?

அசை போடும் கால்நடைகளின் முதல் இரைப்பையைப் பெருவயிறு என்கிறோம். வளர்ந்த மாட்டின் பெருவயிறு 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். இடது பக்க வயிறு முழுவதையும் இதுவே அடைத்துக்கொண்டிருக்கிறது. இதனுள் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வைக்கோலையும் புல்லையும் புளிக்க வைத்து மாட்டுக்கு உணவாக்கித் தருகின்றன. இந்த வேலை நடக்கும்போது கரியமில வாயுவும் மீத்தேன் வாயுவும் ஓயாமல் உண்டாகின்றன. தீவனம் தின்ற பிறகு ஒரு மணி நேரத்தில் 30 லிட்டருக்குக் குறையாமல் வாயு சேர்வதுண்டு.

இவ்வளவு வாயுவையும் மாடு ஏப்பமாக வெளியேற்றிவிடுகிறது. ஏப்பம் நின்றால் பெருவயிறு பந்துபோல் ஊதிக்கொண்டே போகும். ஊதிய வயிறு முன்பக்கமாக நெஞ்சை நெருக்கும். நுரையீரல் விரிய இடமில்லாமல் போகும்; பெரிய இரத்தக் குழாய்களும் நசுங்கும். ஆகவே உப்புசம் கண்ட மாடு கடைசியில் மூச்சு முட்டித்தான் சாகிறது. அதனால்தான் இதில் அவசரம் மிகுதி. கடுமையான உப்புசம் சில மணி நேரத்திலும், சில சமயம் ஒரு மணி நேரத்துக்குள்ளும் உயிரைக் குடித்துவிடும்.

உப்புசத்தின் மூன்று வகைகள்

1. நுரை உப்புசம்: மழைக்குப் பிறகு தளிர்த்த இளம்புல், குதிரை மசால், தட்டைப்பயறு போன்ற இளசான பயறுவகைத் தீவனம் ஆகியவற்றைப் பசியோடு வந்த மாடு அவசரமாகத் தின்றால் இது வரும். இவற்றில் உள்ள புரதம் முதலிய பொருள்கள் வயிற்று நீரைச் சோப்பு நுரைபோல் ஆக்கிவிடுகின்றன. வாயு சின்னஞ்சிறு குமிழிகளாக நுரைக்குள் சிக்கிக்கொள்வதால் ஏப்பமாக வர முடிவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இதற்கு அதிகக் கவனம் தேவை.

2. அடைப்பு உப்புசம்: மாங்கொட்டை, பனங்கொட்டை, மரவள்ளிக் கிழங்குத் துண்டு, தேங்காய்த் துண்டு போன்றவை உணவுக்குழாயில் சிக்கினால் ஏப்பம் வரும் வழியே அடைபட்டுவிடும். பிளாஸ்டிக் பைகளையும் கயிறுகளையும் தின்ற மாடுகளுக்கு உப்புசம் விட்டுவிட்டு அடிக்கடி வரும். பள்ளத்தில் விழுந்தோ, நோயினாலோ ஒருக்களித்து நெடுநேரம் படுத்துவிட்ட மாடும் ஏப்பம் விட முடியாமல் உப்பிப்போகும்.

3. தானிய உப்புசம்: மாட்டுப் பொங்கலன்று அன்பு மிகுதியால் பானைப் பொங்கலையும் மாட்டுக்குக் கொடுப்பது, கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றைத் தொட்டியில் கொட்டுவது, அரிசி மூட்டையையோ அம்பாரத் தானியத்தையோ மாடு அவிழ்த்துத் தின்பது, பலாச்சுளையை அளவின்றி வைப்பது ஆகியவற்றால் வருவது. மாவுப்பொருள் வயிற்றில் திடீரென்று புளித்து அமிலமாகிறது. இது உடனே தெரிவதில்லை. பெரும்பாலும் அன்றிரவோ மறுநாளோதான் அறிகுறிகள் தெரியும். இங்கே வாயுவைவிட அமிலமே பெரிய பகை.

அறிகுறிகள்

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இடது பக்கத்தில் ஒரு பள்ளம் இருப்பதை மாடு வளர்ப்போர் அறிவர். உப்புசத்தின் முதல் அடையாளம் அந்தப் பள்ளம் மேடாவதுதான். விரலால் சுண்டினால் மத்தளம்போல் ஒலிக்கும். மாடு தீனி தின்னாது, அசை போடாது. வயிற்றைக் காலால் உதைத்துக்கொள்ளும். படுப்பதும் எழுவதுமாக இருக்கும். நிலைமை முற்றினால் கழுத்தை நீட்டி, நாக்கைத் தள்ளி, வாயால் மூச்சு வாங்கும். தள்ளாடி விழுந்த பின் பிழைப்பது அரிது.

உணவுக்குழாய் அடைப்பில் எச்சில் நூலாக ஒழுகும், மாடு இருமும், குடித்த தண்ணீர் மூக்கு வழியாகத் திரும்பும். தானிய உப்புசத்தில் மாடு சோர்ந்து நிற்கும். கண் குழி விழும். புளித்த நாற்றத்துடன் தண்ணீராகக் கழியும். இடது வயிற்றை அசைத்தால் தண்ணீர்ப் பானைபோல் தளும்பும் ஓசை கேட்கும்.

முதலில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

மாடு கடைசியாக என்ன தின்றது? எப்போது தின்றது? விழுங்க முடிகிறதா, எச்சில் ஒழுகுகிறதா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் எந்த வகை என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். மருத்துவரிடமும் இவற்றை முதலில் சொல்ல வேண்டும்.

கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்பிய பிறகே முதலுதவியைத் தொடங்க வேண்டும். வைத்தியம் பலிக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று இருந்தால் காலம் கடந்துவிடும். தமிழ்நாட்டில் 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம்.

எல்லா வகைக்கும் பொதுவான முதலுதவி

தீவனத்தை உடனே நிறுத்த வேண்டும். முன்னங்கால்கள் மேட்டிலும் பின்னங்கால்கள் பள்ளத்திலும் இருக்கும்படி மாட்டைச் சரிவில் நிறுத்த வேண்டும். இதனால் நெஞ்சின் மேலுள்ள பாரம் குறையும். ஏப்பமும் எளிதில் வரும். படுத்துவிட்ட மாட்டை ஒருக்களிக்க விடாமல், நெஞ்சு தரையில் பதியும்படி நிமிர்த்தி, இரு பக்கமும் வைக்கோல் மூட்டையை அண்டை கொடுக்க வேண்டும்.

கட்டை விரலைவிடச் சற்றுப் பருத்த, ஓரடி நீளமுள்ள வேப்பங்குச்சியைக் கடிவாளம்போல் வாயில் குறுக்காக வைத்து, இரு முனைகளிலும் கயிறு கட்டிக் கொம்புக்குப் பின்னால் முடிந்துவிடலாம். மாடு குச்சியை மென்றுகொண்டே இருக்கும். உமிழ்நீர் ஊறி உள்ளே போவதால் நுரை குறைய உதவும், ஏப்பமும் வரும். எச்சில் ஒழுக விட்டு விழுங்க முடியாமல் தவிக்கும் மாட்டுக்கு இதைச் செய்யக் கூடாது.

நுரை உப்புசத்துக்கு எண்ணெய்

நுரையை உடைக்கும் வீட்டு மருந்து சமையல் எண்ணெய்தான். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் எதுவானாலும் மாட்டுக்குக் கால் லிட்டர் முதல் அரை லிட்டர் வரையும், வளர்ந்த ஆட்டுக்கு 50 முதல் 100 மில்லி வரையும் கொடுக்கலாம். பிறகு இடது வயிற்றைக் கையால் நன்கு பிசைந்துவிட்டு, மாட்டை மெதுவாக நடத்த வேண்டும். எண்ணெய் உள்ளே பரவி நுரையை உடைத்தால் வாயு ஏப்பமாக வெளிவரும். இஞ்சி, ஓமம், பெருங்காயம் ஆகியவற்றை லேசான செரிமானக் கோளாறுக்குக் கொடுப்பதுண்டு. வயிறு மத்தளமாகிவிட்ட பிறகு அவற்றை அரைத்துக்கொண்டிருக்க நேரமில்லை.

எண்ணெய் புகட்டும் முறையில்தான் பலர் தவறு செய்கிறார்கள். நாக்கை வெளியே இழுத்துப் பிடித்தால் மாட்டால் விழுங்க முடியாது. தலையை வானத்தை நோக்கித் தூக்கினாலும் எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். நுரையீரலில் போன எண்ணெய், உப்புசத்திலிருந்து தப்பிய மாட்டையும் நாலு நாளில் கொன்றுவிடும். ஆகவே மாட்டை நிற்க வைத்து, மூக்கு கண்ணின் மட்டத்துக்கு மேல் போகாதபடி பிடித்து, கடைவாய் ஓரமாகச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். இருமினால் உடனே நிறுத்தித் தலையைத் தாழவிட வேண்டும். படுத்துக் கிடக்கும் மாட்டுக்கும், விழுங்க முடியாத மாட்டுக்கும் வாய்வழியே எதையும் ஊற்றக் கூடாது.

அடைப்புக்குச் செய்ய வேண்டியது

அடைப்பு என்று தெரிந்தால் எண்ணெயும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். கம்பையோ குழாயையோ தொண்டைக்குள் விட்டுக் குத்தினால் உணவுக்குழாய் கிழிந்துவிடும். மாட்டைச் சரிவில் நிறுத்தி மருத்துவர் வரும்வரை காக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெறிநாய் கடித்த மாடும் எச்சில் ஒழுக விட்டு, விழுங்க முடியாமல் தவிக்கும். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று எண்ணி வெறுங்கையை வாய்க்குள் விட்டால் ஆபத்து மனிதருக்கு. மருத்துவர் பார்க்கும்வரை அந்த மாட்டின் வாயில் கை வைக்கக் கூடாது. எச்சிலும் மேலே படக் கூடாது.

தானிய உப்புசத்துக்குச் சோடா உப்பு

சோறு, பொங்கல், தானியம் தின்ற மாட்டுக்கு எண்ணெயால் பயனில்லை. அமிலத்தை முறிக்க வேண்டும். நின்றுகொண்டு நன்றாக விழுங்கும் மாட்டுக்குச் சமையல் சோடா எனப்படும் ஆப்பச்சோடா 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, மேலே சொன்ன முறையில் மெதுவாகப் புகட்டலாம். ஆட்டுக்கு 10 முதல் 15 கிராம் போதும். வயிறு ஏற்கெனவே மத்தளமாக இறுகியிருந்தால் சோடாவை வீட்டில் கொடுக்கக் கூடாது. அமிலத்தோடு சேரும்போது அதுவும் வாயுவை உண்டாக்கும்.

இது முதலுதவி மட்டுமே. மாடு தேறியதுபோல் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். அமிலம் இரத்தத்தில் கலந்தால் அடுத்த சில நாட்களில் மாடு படுத்துவிடலாம். குளம்பு வலி கண்டு நொண்டலாம். சினை மாடு கன்று வீசவும் கூடும்.

செய்யக் கூடாதவை

மண்ணெண்ணெய் புகட்டக் கூடாது. அது நுரையீரலைக் கெடுக்கும், பாலும் நாறும். கத்தியாலோ கோணி ஊசியாலோ வயிற்றில் குத்தக் கூடாது. மருத்துவர்கள் உயிர் போகும் நிலையில் இடது பக்கத்தில் குறிப்பிட்ட இடத்தில் குழாயோடு கூடிய கருவியால் துளையிட்டு வாயுவை விடுவிப்பதுண்டு. அதைப் பார்த்துவிட்டு நாமும் செய்தால், வயிற்றுச் சரக்கு உள்ளே கசிந்து சீழ் பிடித்து மாடு இறக்கும். நுரை உப்புசத்தில் மெல்லிய ஊசித் துளை வழியே நுரை வெளிவரவும் வராது.

இளஞ்சோளப் பயிரையோ மரவள்ளி இலையையோ தின்ற சில நிமிடங்களில் மாடு நடுங்கி, மூச்சு வாங்கி விழுந்தால் அது நச்சுப் பாதிப்பாக இருக்கலாம். அதற்கு ஊசி மருந்து உண்டு. எண்ணெயை ஊற்றிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

வருமுன் காத்தல்

மழைக்காலத்தில் மாட்டை வெறும் வயிற்றோடு மேய்ச்சலுக்கு அவிழ்க்கக் கூடாது. இரண்டு கிலோ வைக்கோலோ சோளத்தட்டையோ தின்ற பிறகு, பனி உலர்ந்ததும் ஓட்டிச் செல்லலாம். குதிரை மசாலை அறுத்து அரை நாள் வாட விட்டு, வைக்கோலுடன் கலந்து போட வேண்டும். எந்தப் புதிய தீவனத்தையும் ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்க வேண்டும். அடர் தீவனத்தை ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு, மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

கிழங்கு வகைகளைச் சிறு துண்டுகளாக நறுக்கியே போட வேண்டும். தானியம் வைத்த அறையின் கதவைத் தாழிட வேண்டும். குப்பைமேட்டில் பிளாஸ்டிக் பைகள் கிடந்தால் அங்கே மாட்டை விடக் கூடாது. தேறிய மாட்டுக்கு அன்று முழுவதும் வைக்கோல் மட்டும் போட்டு, தண்ணீரைச் சிறிது சிறிதாகக் காட்டினால் போதும். மாதம் இருமுறை உப்புசம் காணும் மாட்டை, அப்போதைக்குத் தணிந்தது என்று விட்டுவிடாமல் கால்நடை மருத்துவமனைக்கு ஓட்டிச் சென்று காட்ட வேண்டும். வயிற்றில் பிளாஸ்டிக்கோ கம்பியோ இருந்தால் அறுவை செய்து எடுக்க முடியும்.

மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்குப் பொங்கல் ஊட்டுவது நம் வழக்கம். அது ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடியோடு நிற்கட்டும். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தனித்தனியே ஊட்டினால் அளவு தெரியாமல் போகும், ஒருவரே ஊட்டட்டும். கால் லிட்டர் எண்ணெயும் ஒரு பொட்டலம் ஆப்பச்சோடாவும் கொட்டிலுக்கு அருகில் எப்போதும் இருக்க வேண்டும். மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் 1962 என்ற எண்ணையும் கொட்டில் தூணில் எழுதி வைத்தால், வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரத்திலும் பிள்ளைகள் கூப்பிட முடியும்.