செயற்கை வானம்

இரவு வானத்தைக் கண்டு வியவாதார் இலர். ஆயினும் அதனை முறையாகக் கற்றறிந்தவர் சிலரே. இதற்குக் காரணம் மக்களின் சோம்பல் மட்டுமன்று. வானத்தின் இயல்பும் ஆகும். முகில் சூழ்ந்த இரவில் விண்மீன்கள் தோன்றுவதில்லை. நகரத்து விளக்கொளியில் அவற்றுள் பெரும்பாலானவை மறைந்துவிடுகின்றன. கோள்களின் செலவோ மிக மெதுவானது. விண்மீன்களினூடே கிழக்கு நோக்கிச் செல்லும் செவ்வாய், ஒரு காலத்தில் நின்று, சில வாரங்கள் மேற்கு நோக்கித் திரும்பி, மீண்டும் முன்போலச் செல்வதாகத் தோன்றும். பஞ்சாங்கம் கணிப்போர் இதனை வக்கிரம் என்பர். இதனைக் கண்ணாரக் காண விரும்புபவன் பல மாதங்கள் இரவுதோறும் வானத்தை நோக்கியிருத்தல் வேண்டும். ஆசிரியர் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கலாம். ஆனால், தட்டையான பலகை தலைக்குமேல் கவிந்திருக்கும் வானத்தை ஒக்குமோ?

இக்குறையை நீக்க முனைந்தவர் ஆஸ்கர் வான் மில்லர் என்னும் ஜெர்மானியப் பொறியாளர். அவர் 1903-ஆம் ஆண்டில் மியூனிக் நகரில் அறிவியல், தொழில்நுட்ப அருங்காட்சியகம் ஒன்றை நிறுவினார். பொருள்களைக் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டி வைத்தல் மட்டும் அவருக்கு உடன்பாடன்று. பார்வையாளர் தாமே விசையை அழுத்தியும் பிடியைச் சுழற்றியும் இயற்கையின் விதிகளை உணர்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அவ்வாறே வானத்தையும் அருங்காட்சியகத்தினுள் கொண்டுவர அவர் விரும்பினார்.

அத்தகைய முயற்சிகள் முன்னரும் நிகழ்ந்ததுண்டு. 1913-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில், 15 அடி விட்டமுள்ள உலோகக் கோளம் ஒன்று அமைக்கப்பெற்றது. அதன் சுவரில் 692 துளைகள் இடப்பட்டிருந்தன. உள்ளே இருந்தவர்க்கு வெளியொளி துளைகளின் வழியே விண்மீன்போலத் தோன்றியது. கோளம் சுழல, விண்மீன்களும் எழுந்து மறைந்தன. ஆயினும், அதனுள் ஒரே வேளையில் சிலரே இருக்க இயலும். பலர் அமரத்தக்க அளவில் கோளத்தைப் பெரிதாக்கினாலோ, அதனைச் சுழற்றுதல் அரிதாகும்.

மில்லர் தம் விருப்பத்தை ஜேனா நகரத்துச் சைஸ் என்னும் கண்ணாடிக் கருவித் தொழிற்சாலையாரிடம் தெரிவித்தார். இடையே முதல் உலகப் போர் மூண்டமையால் பணி தடைப்பட்டது. போர் முடிந்தபின், 1919-ஆம் ஆண்டில், அத்தொழிற்சாலையைச் சார்ந்த வால்தர் பாவர்ஸ்ஃபெல்டு என்னும் பொறியாளர் புதிய வழியொன்றைக் கண்டார். கோளம் ஏன் சுழலவேண்டும்? வெண்ணிறக் குவிமாடம் அசையாது நிற்கட்டும். அதன் நடுவே உள்ள சிறு கருவி சுழன்று, விண்மீன்களின் ஒளியுருவங்களை மாடத்தின்மீது வீழ்த்தட்டும் என்பதே அவ்வழி. வினாவைத் தலைகீழாக மாற்றியவுடன் விடை எளிதாயிற்று. எனினும், அதனைச் செயலாக்க நெடுநாட் கணக்கீடும் நுட்பமான பற்சக்கரங்களும் வேண்டியிருந்தன. 1923-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜேனாத் தொழிற்சாலையின் கூரைமீது எழுப்பிய மாடத்தில் கருவி சோதிக்கப்பெற்றது. அது சுமார் 4,500 விண்மீன்களைக் காட்டியது. அவ்வாண்டு அக்டோபரில் மியூனிக் நகரிலும் அது காட்டப்பெற்றது. 1925-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் அங்கே நிலையான கோளரங்கம் திறக்கப்பெற்றது. கண்டோர் அதனை 'ஜேனாவின் அற்புதம்' எனப் பாராட்டினர்.

கோளரங்கத்தினுள் அமர்ந்தவனைச் சூழ விளக்குகள் மெல்ல மங்குகின்றன. சுவர் இருப்பதே மறந்துபோகிறது. ஒரு நாளின் சுழற்சி சில நிமிடங்களில் நிறைவுறுகிறது. மாதக்கணக்கில் நிகழும் செவ்வாயின் வக்கிரமும் கண்ணெதிரே நிகழ்கிறது. அங்கே அவன் வானத்தைப் பற்றிப் படிப்பவன் அல்லன். வானத்தின்கீழ் இருப்பவன் ஆகிறான். ஆதலின், கற்றது அவன் மனத்தில் ஊன்றி நிற்கிறது.

இக்கல்வி உயிர்காக்கும் கல்வியாகவும் அமைந்ததுண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள மோர்ஹெட் கோளரங்கத்தில், 1975-ஆம் ஆண்டு வரை 60-க்கும் மேற்பட்ட விண்வெளி வீரர்கள் பயின்றனர். விண்கலத்தின் சிறிய பலகணி வழியே தெரியும் விண்மீன்களைக் கொண்டே திசையறியும் பயிற்சி அவர்களுக்கு அளிக்கப்பெற்றது. 1969-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள், அப்பல்லோ 12 கலம் நிலவை நோக்கிப் புறப்பட்ட ஒரு நிமிடத்திற்குள் இருமுறை மின்னலால் தாக்குண்டது. கலத்தின் திசைகாட்டும் அமைப்பு நிலைதடுமாறிற்று. புவியைச் சுற்றும் பாதையை அடைந்தபின், வீரர்கள் இருளில் விண்மீன்களைத் தேடிக் கண்டு, அவற்றின் துணையால் அவ்வமைப்பை மீண்டும் நேர்செய்தனர். அதன்பின்னரே கலம் நிலவை நோக்கிச் சென்றது. செயற்கை வானத்தின்கீழ்ப் பயின்ற கண்கள் உண்மை வானத்தில் வழிதவறவில்லை.

நம் நாட்டில் கல்கத்தா நகரத்துப் பிர்லா கோளரங்கத்தை 1963-ஆம் ஆண்டில் தலைமை அமைச்சர் ஜவாஹர்லால் நேரு முறைப்படி திறந்துவைத்தார். சென்னைக் கோட்டூர்புரத்தில் பி. எம். பிர்லா கோளரங்கம் 1988-ஆம் ஆண்டில் தோன்றியது. சுழலும் கருவிக்கு மாற்றாகக் கணிப்பொறி வழியே மாடம் முழுதும் படம் வீழ்த்தும் முறையும் இன்று பல இடங்களில் வழக்கில் உள்ளது. கருவி மாறினும் நோக்கம் மாறவில்லை.

கோளரங்கம் வானத்திற்கு மாற்று அன்று. வானத்தைப் படிப்பதற்குரிய அரிச்சுவடி. அரிச்சுவடி கற்ற சிறுவன் அதனுடன் நின்றுவிடுவதில்லை. நூல்களை நாடிச் செல்கிறான். அதுபோலவே, அரங்கினின்று வெளிவந்த மாணவன் அன்றிரவு தன் வீட்டு முற்றத்தில் நின்று, கார்த்திகை மீன்கூட்டம் எங்கே என அண்ணாந்து நோக்குவானாயின், அக்கருவியைப் படைத்தோரின் உழைப்பு பயன்பெற்றதாகும்.