ஃபயர்வாலைக் கடக்கும் ஒயர்: ஏரிக்கரை வண்டிகளில் ஆம்ப் பொருத்தும் முறை

தோணிரேவு, கோட்டைக்குப்பம், ஜமீலாபாத் என்று பழவேற்காடு ஏரிக்கரையில் எந்த ஊரில் வண்டியை நிறுத்தினாலும் அதன்மேல் உப்பு படியும். ஒரு பக்கம் வங்கக்கடல். மறுபக்கம், சிலிக்காவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இந்தக் காற்றில் கதவுக் கீல் துருப்பிடிக்கிறது, பேட்டரி முனையில் பச்சை பூக்கிறது. இங்கே காரிலோ மீன் ஏற்றும் பிக்கப்பிலோ தனி ஆம்ப் வைக்க நினைப்பவர்கள் ஸ்பீக்கர் எந்த கம்பெனி, ஊஃபர் எத்தனை அங்குலம் என்று நாலு கடை ஏறி விசாரிக்கிறார்கள். அதே அக்கறையை ஓர் ஓட்டையின்மேலும் காட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் மெயின் ஒயர் ஃபயர்வாலைத் தாண்டி உள்ளே வரும் ஓட்டை அது.

எஞ்சின் அறைக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே நிற்கும் தகடுதான் ஃபயர்வால். எஞ்சின் பக்கத்துத் தீ, சூடு, புகை, தண்ணீர் எல்லாவற்றையும் அது மறித்து நிற்கிறது. அந்தத் தகடும் வண்டியின் பாடி முழுவதும் பேட்டரியின் நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. ஓட்டையின் கூர்மையான விளிம்பில் பாசிட்டிவ் ஒயர் நாள் முழுக்க அதிர்ந்து உரசினால், படகு விளிம்பில் உரசும் வலைக்கயிறு போல மெல்ல மெல்லத் தேயும். மேலுறை தேய்ந்து செம்பு தகட்டைத் தொட்ட நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்தப் புள்ளி வழியே பாயும். ஒயர் பழுக்கக் காயும், பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பற்றிக்கொள்ளும். தீயைத் தடுக்க வைத்த சுவரே தீ தொடங்கும் இடமாகிவிடும். இதைத் தடுக்க இரண்டு பொருள்கள் போதும்: ஓட்டையின் விளிம்பை மூடும் ஒரு ரப்பர் குரோமெட், பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு ஃபியூஸ்.

எந்தக் கனத்தில் ஒயர்?

ஆம்ப் பெட்டியின்மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் 2000 வாட்ஸைப் பார்த்து ஒயர் வாங்காதீர்கள். கையேட்டில் ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு என்று பாருங்கள். 500 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். தரும் கிளாஸ்-டி ஆம்ப் என்று வைத்துக்கொள்வோம். அது இழுக்கும் மின்சாரத்தில் சுமார் 80 சதவீதம்தான் ஸ்பீக்கருக்குப் போகிறது. ஆகவே அது இழுப்பது 625 வாட்ஸ். எஞ்சின் ஓடும்போது இருக்கும் 13.8 வோல்ட்டால் வகுத்தால் 45 ஆம்பியர் வருகிறது. கிளாஸ்-ஏபி ஆம்ப் என்றால் இதே சத்தத்துக்கு 65 ஆம்பியர் வரை இழுக்கும்.

பேட்டரியிலிருந்து டிக்கிவரை 5 மீட்டர் ஒயர் ஓடுகிறது. 45 ஆம்பியர் போகையில் 6 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயரில் ஏறக்குறைய 0.65 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். 16 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் தொலைவது 0.24 வோல்ட்தான். தொலைகிற வோல்ட் அத்தனையும் ஒயரில் சூடாகத்தான் மாறுகிறது. இந்த அளவு ஆம்புக்கு 16 போடுங்கள். இன்னும் பெரிய ஆம்ப் என்றால் 25க்குப் போங்கள்.

மலிவான ஆம்ப் கிட்களில் சி.சி.ஏ. என்ற ஒயர் வரும். உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. 16 ஸ்கொயர் எம்.எம். சி.சி.ஏ. ஒயர் ஏறக்குறைய 10 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயரின் வேலையைத்தான் செய்யும். உப்புக்காற்றில் இன்னொரு கெடுதலும் உண்டு. வெட்டிய முனையில் ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். கடையிலேயே ஓர் இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் அது சி.சி.ஏ. மேலே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் அது வெள்ளீயம் பூசிய செம்பு. படகுகளுக்கென்றே செய்யும் ஒயர் இந்த இரண்டாவது வகை. விலை கூடுதல்தான். ஆனாலும் ஏரிக்கரை வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஒயர் இல்லை. பொன்னேரியில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவிலும், கார் சாமான்களுக்குப் பேர்போன ஜி.பி. ரோட்டிலும் கேட்டுப் பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

ஒயர், ஒயருக்குப் பொருந்தும் செம்பு லக்கும் அதை நெரிக்கும் கிரிம்பிங் கருவியும், மூடியுள்ள ஃபியூஸ் ஹோல்டர், ரப்பர் குரோமெட், சுருள் பைப், உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், டிரில், அரைவட்ட அரம், ரெட் ஆக்ஸைடு பிரைமர், கேபிள் டை, மல்டிமீட்டர், ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி.

1. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள்

முதலில் நெகட்டிவ், அதன் பிறகுதான் மற்ற வேலை. நெகட்டிவ் இணைந்திருக்கும்போது பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் பாடியில் பட்டால் அந்த இடத்திலேயே தீப்பொறி பறக்கும். ஏர்பேக் உள்ள வண்டியில் கழற்றிய பிறகு சில நிமிடங்கள் பொறுங்கள். மஞ்சள் நிற கனெக்டர்கள் ஏர்பேக்குடையவை, அவற்றைத் தொடாதீர்கள். எலெக்ட்ரிக், ஹைப்ரிட் வண்டிகளில் ஆரஞ்சு நிற ஒயரைக் கண்டால் அதன் பக்கமே போக வேண்டாம்.

2. இருக்கும் வழியைத் தேடுங்கள்

புதிதாக ஓட்டை போடாமலே முடிந்தால் அதுதான் நல்ல வேலை. டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சின் அறையிலிருந்து மெயின் ஒயர்க் கொத்து உள்ளே வரும் பெரிய குரோமெட், பானெட் கேபிள் வரும் ஓட்டை, கம்பெனியே ரப்பர் மூடி போட்டு விட்டிருக்கும் காலி ஓட்டை ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் உதவும். ஒயர்க் கொத்தின் குரோமெட்டில் நுழைப்பதானால் பிளேடை வைத்து அறுக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஒயர்கள் வெட்டுப்படும். மழுங்கிய ஸ்போக்ஸ் கம்பியால் ஓரமாக ஒரு துளை போட்டு, சோப்புத் தண்ணீர் தடவி நுழையுங்கள். ஸ்டீயரிங் தண்டு வரும் ரப்பரில் மட்டும் வேண்டாம். அசையும் பாகத்தை ஒட்டி மெயின் ஒயர் போகவே கூடாது.

3. துளை போடத்தான் வேண்டுமென்றால்

வாரண்டியில் இருக்கும் வண்டியானால் முதலில் ஷோரூமில் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்து, தகட்டின் இரண்டு பக்கமும் பாருங்கள். பிரேக் பூஸ்டர், பிரேக் பைப், ஏ.சி. பைப், பெடல், கம்ப்யூட்டர் பெட்டி எதுவும் அந்த இடத்துக்கு நேர் பின்னால் இருக்கக் கூடாது. குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி 3 மி.மீ. பிட்டால் சிறு துளை போடுங்கள். தகடு மெல்லியது, சட்டென்று உடைத்துக்கொண்டு பிட் உள்ளே பாயும். அதனால் பிட்டில் ஒரு துண்டு பைப்பைச் செருகி, முனை மட்டும் ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரியும்படி வையுங்கள். துளை வழியே ஸ்போக்ஸை நீட்டி மறுபக்கம் எங்கே வருகிறது என்று பார்த்து, சரியென்று உறுதியான பிறகே பெரிதாக்குங்கள். குரோமெட்டின் நடுப்பள்ளத்துக்கு என்ன விட்டமோ அதுதான் ஓட்டையின் விட்டம். அதைவிடப் பெரிதானால் குரோமெட் கழன்று விழும்.

4. விளிம்பை ஆற்றுங்கள்

இந்த ஊரில் பெரும்பாலும் தவறவிடும் படி இதுதான். துளை போட்ட விளிம்பு பச்சை இரும்பு. உப்புக்காற்றில் அது சீக்கிரமே துருப்பிடித்து, துரு பரவிக் குரோமெட்டைக் கடிக்கும். அரத்தால் பிசிறு நீக்கி, விரலைச் சுற்றிலும் ஓட்டிப் பாருங்கள். எங்கும் கீறக் கூடாது. காந்தத்தால் இரும்புத் தூளை ஒன்றுவிடாமல் எடுங்கள். மிச்சம் விழும் தூள் கார்ப்பெட்டில் துருக்கறையாகும், ஒயர் இணைப்பில் விழுந்தால் ஷார்ட் ஆகும். பிறகு விளிம்பின் இரு பக்கமும் ரெட் ஆக்ஸைடு பூசி, முழுதாகக் காயவிட்டு, மேலே பெயின்ட் அடித்துக் குரோமெட்டைப் பொருத்துங்கள்.

5. ஒயரை இழுங்கள்

ஒயரின் நுனியை ஸ்போக்ஸோடு சேர்த்து, கூம்பாக டேப் சுற்றி, உள்ளிருந்து மெதுவாக இழுங்கள். முரட்டுத்தனமாக இழுத்தால் குரோமெட் தகட்டைவிட்டுப் பிதுங்கிவிடும், அது பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். எஞ்சின் அறையில் ஓடும் நீளம் முழுவதும் சுருள் பைப்புக்குள் இருக்கட்டும். சைலன்சர் மேனிஃபோல்ட், ஃபேன், பெல்ட் மூன்றையும் விட்டு விலகி, கம்பெனி ஒயர் போகும் வழியையே ஒட்டிக் கொண்டுபோய் கேபிள் டை போடுங்கள்.

குரோமெட்டுக்குள் நுழைவதற்குச் சற்று முன் ஒயரை ஓட்டைக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். மழைத் தண்ணீர் ஒயர் வழியே ஓடிவந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே வராது. இடுக்கை சிலிக்கான் வைத்து அடைப்பதானால் நியூட்ரல் என்று போட்டிருக்கும் டியூபை வாங்குங்கள். புளித்த காடி வாசம் அடிக்கும் சாதா சிலிக்கான் காயும்போது வெளிவிடும் அமிலம் செம்பையும் இரும்பையும் அரிக்கும்.

6. வண்டிக்குள் வழி

கதவோரப் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி, அதனடியில் ஒயரைக் கொண்டுபோங்கள். சீட் போல்ட்டும் தண்டவாளமும் நசுக்காத வழியாக இருக்கட்டும். செட்டிலிருந்து ஆம்புக்குப் போகும் ஆர்.சி.ஏ. ஒயரை வண்டியின் மறுபக்கமாக விடுங்கள். இரண்டும் ஒட்டிப் போனால் எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஸ்பீக்கரில் கீச்சென்ற சத்தம் ஏறி இறங்கும்.

மீன் பெட்டி ஏற்றும் வண்டிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஐஸ் கரைந்து ஒழுகும் தண்ணீரில் உப்பும் இருக்கிறது. அது தரையில் ஓடி, கதவோரப் பள்ளத்தில்தான் தேங்கும். அங்கே ஒயரில் ஒட்டுப் போடாதீர்கள், பேட்டரியிலிருந்து ஆம்புவரை ஒரே நீளமாக ஓடட்டும். ஆம்பையும் தரையில் வைக்காமல், நாலு விரல் உயரமாவது தூக்கிப் பலகையில் திருகுங்கள்.

7. எர்த்

எர்த் ஒயரும் மெயின் ஒயரின் அதே கனம்தான். நீளம் 45 செ.மீ.க்குள் இருக்கட்டும். கனமான பாடித் தகட்டில் பெயின்ட்டைப் பளபளவென்று சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு லக்கை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே பெயின்ட்டோ வாசலினோ தடவி மூடுங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் பிடிக்கக் கூடாது. உயிர் காக்கும் போல்ட் அது.

8. ஃபியூஸும் சோதனையும்

பேட்டரி பாசிட்டிவிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் ஹோல்டர் இருக்க வேண்டும். அது காப்பது ஆம்பை அல்ல, ஒயரை. ஆம்புக்குள்ளேயே ஒரு ஃபியூஸ் இருக்கிறதே என்று இதை விட்டுவிட்டால், ஃபயர்வாலில் ஒயர் ஷார்ட் ஆகும்போது அந்த உள் ஃபியூஸுக்குத் தெரியக்கூடத் தெரியாது. நாம் கணக்குப் போட்ட ஆம்புக்கும் 16 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயருக்கும் 60 ஆம்பியர் ஃபியூஸ் சரி.

ஃபியூஸ் போடும் முன், ஆம்ப் முனையில் இன்னும் இணைக்காத பாசிட்டிவ் ஒயருக்கும் பாடிக்கும் நடுவே மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வையுங்கள். பீப் அடித்தால் எங்கோ தகட்டைத் தொடுகிறது, தேடிச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். அடிக்கவில்லையென்றால் ஆம்பை இணைத்து, பேட்டரி நெகட்டிவை மாட்டி, கடைசியாக ஃபியூஸைப் போடுங்கள்.

எஞ்சினை ஓடவிட்டு, வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் பாட்டுப் போட்டு, பேட்டரி முனையிலும் ஆம்ப் முனையிலும் வோல்ட் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. கால் மணி நேரம் கழித்து ஃபியூஸ் ஹோல்டரைத் தொடுங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் லக் சரியாக நெரிபடவில்லை.

குட்டி யானைக்கும் படகுக்கும்

குட்டி யானை எனப்படும் டாடா ஏஸில் எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதில் ஒயர் வண்டிக்கு அடியிலோ கேபின் தகடு வழியாகவோதான் போகும். எந்தத் தகட்டைத் துளைத்தாலும் அரம், பிரைமர், குரோமெட் என்ற வரிசை மாறாது. சக்கரம் வாரியடிக்கும் உப்புத்தண்ணீர் படும் இடங்களில் சுருள் பைப்பும் பசை ஸ்லீவும் கட்டாயம். ஃபைபர் படகில் செட் வைப்பவர்களுக்கு பாடி எர்த் என்பதே கிடையாது. ஃபைபரில் மின்சாரம் ஓடாது. நெகட்டிவ் ஒயரையும் அதே கனத்தில் பேட்டரிவரை கொண்டுவர வேண்டும். பேட்டரி பக்கத்து ஃபியூஸ் அங்கும் வேண்டும்.

பொருத்திய பிறகு

மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் பானெட்டைத் திறந்து குரோமெட்டைப் பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். பேட்டரி முனையில் பச்சை பூத்திருந்தால் நெகட்டிவைக் கழற்றி, வெந்நீர் ஊற்றித் தேய்த்து, காய்ந்ததும் வாசலின் தடவுங்கள்.

ஃபியூஸ் ஒருமுறை போனால் தற்செயல் என்று விடாதீர்கள். அதே இடத்தில் 100 ஆம்பியர் ஃபியூஸைச் செருகுவதும், சிகரெட் ஃபாயிலைச் சுற்றுவதும் ஒயரை எரியவிடும் வேலை. ஃபயர்வாலில் தொடங்கி டிக்கிவரை எங்கே உரசுகிறது என்று விரலால் தடவித் தேடுங்கள். கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை அந்த ஒயரின் ஃபியூஸைக் கழற்றிவைத்துவிட்டு வண்டியை ஓட்டுங்கள். பாட்டு இல்லாமல் பொன்னேரிவரை போய்வரலாம். ஆனால் வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு, எங்கே தேய்கிறதென்று தெரியாத ஒயரோடு யாரும் போகக் கூடாது.