திருவிழாவில் கால்நடைக் காட்சி

கார்த்திகைத் தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தை நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. 14 கிலோமீட்டர்க் கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலை போன்ற ஊர்களில் வாழும் நமக்கு அது கொள்முதல் களம் மட்டுமன்று. குடும்பத்தோடு கண்டு மகிழும் காட்சியும் ஆகும். அறுவடை முடிந்த பங்குனித் திருவிழாவிலும் சிறந்த காளைகள், கறவைப் பசுக்கள், கிடேரிக் கன்றுகள் ஆகியவற்றை நிறுத்திப் பரிசளிக்கலாம். குழந்தைகளுக்கு அது பொழுதுபோக்கு, உழவர்க்குப் பாடம்.

ஆனால், பல ஊர் மாடுகள் கூடுமிடத்தில் கோமாரியும் உடன் வரக்கூடும். வாயிலும் குளம்பிலும் கொப்புளம் தோன்றுமுன்பே அந்நோய் பிற மாடுகளுக்குப் பரவ வல்லது. ஆகவே, கண்ணால் பார்த்து மட்டும் நம்புதல் தகாது.

2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி, ஆறு மாதத்திற்கொருமுறை இதற்கான தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. ஊசி பயன் தரச் சில வாரங்கள் ஆகும். விழாவுக்கு முதல் நாள் போடுவதில் பயனில்லை. ஒரு மாதம் முன்னரே ஊராட்சியினர் கால்நடை மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

பங்குனி வெயிலுக்கு நிழற்பந்தல் அவசியம். பொதுத் தொட்டியை விலக்கி, ஒவ்வொரு மாட்டுக்கும் தனி வாளியில் தண்ணீர் வைப்போம். மக்கள் நெருங்காதபடி மூங்கில் தடுப்புக் கட்டுவோம். கரடி, குரங்கு வித்தைகள் சட்டப்படி தடை செய்யப்பட்டவை. அவற்றுக்கு இடம் தரலாகாது. வீடு திரும்பிய மாட்டை இரண்டு வாரமேனும் தனியே கட்டுவோம்.

பரிசு பெற்ற பசு நோயோடு தொழுவம் புகுந்தால், விழாவினால் நாம் பெற்ற பயன் யாது?